நரி காலி செய்யாத வளை

வழக்கில் ஜெயித்தது அலங்கு. வளைக்குள் படுத்திருந்தது நரி. ஊசிப்பாறைக் காட்டில் நடந்த தப்பு இவ்வளவுதான்.

அலங்கு என்றால் எறும்புதின்னி. உடம்பெல்லாம் செதில். யாரையும் கடிக்காது. கடிக்கப் பல்லும் கிடையாது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஆனால் மண் தோண்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓடைக்கரை மேட்டில், வெள்ளம் ஏறாத இடமாகப் பார்த்து, ஒரு கோடை முழுவதும் தோண்டி அது ஒரு வளை அமைத்திருந்தது. முன்வாசல் ஒன்று. பின்வாசல் ஒன்று. நடுவில் குட்டி போட ஓர் அறை. குட்டி ஐப்பசியில் பிறக்கும். மழையும் ஐப்பசியில்தான் பிடிக்கும். அதற்குத்தான் அத்தனை பாடு.

ஆடி மாதம் ஒரு நாள் இரை தேடப் போன அலங்கு திரும்பி வந்தது. வாசலில் நரி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது.

"யாரு வேணும்?" என்றது நரி.

"இது என் வளை!"

"அப்படியா? பேரு எழுதியிருக்கா?"

அலங்கு பயந்து பந்தாகச் சுருண்டது. நரி காலால் ஒரு தள்ளு தள்ளியது. மேட்டிலிருந்து ஓடை வரைக்கும் உருண்டு போனது அலங்கு. தண்ணீரில் விழுந்த பிறகுதான் தலையை நீட்டியது.

நீட்டியதும் அழவில்லை. நேரே நியாயப்பாறைக்குப் போனது.

நியாயப்பாறைதான் அந்தக் காட்டின் கோர்ட்டு. பாறை மேல் உட்காரும் நீதிபதி கரடி. தீர்ப்பைக் கொண்டுபோய் நிறைவேற்ற வேண்டிய அமீனா ஆமை. 'அலங்கு! நரி!' என்று பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி, ஓர் அண்டங்காக்கை. கரகரத்த குரல். கூப்பிட்டால் இரண்டு மலை தாண்டிக் கேட்கும்.

அங்கே ஒரு பழைய விதி உண்டு. பாறையில் ஏறிய நீதிபதி, டவாலி மூன்று முறை "தீர்ந்தது!" என்று கூவும் வரை இறங்கக் கூடாது. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. யார் போட்ட விதி? தெரியாது. எதற்குப் போட்டார்கள்? அதுவும் தெரியாது. தெரியாததால் யாருக்கும் தொந்தரவும் இல்லை. கரடி தீர்ப்புச் சொல்லும். காக்கை ஒரே மூச்சில் மூன்று முறை கூவும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கரடி முட்டாள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரெண்டு பேரும் நகத்தைக் காட்டுங்க!" என்றது.

காட்டினார்கள். அலங்கின் நகம் தேய்ந்து மொண்ணையாக இருந்தது. இடுக்கெல்லாம் செம்மண். நரியின் நகம் பளபளவென்று இருந்தது.

"தோண்டின நகம் எது, தோண்டாத நகம் எதுன்னு எனக்குத் தெரியாதா? வளை அலங்குடையது. நரி காலி செய்யணும்!"

"தீர்ந்தது! தீர்ந்தது! தீர்ந்தது!" என்று கூவியது காக்கை.

கூட்டம் கலைந்தது. அலங்கு சந்தோஷமாக மேட்டுக்குப் போனது. வாசலில் நரி.

"தீர்ப்பு கேட்டேன்" என்றது நரி. "ரொம்ப நல்ல தீர்ப்பு. காலி செய்யணும்னு சொன்னாங்க. எப்போன்னு சொன்னாங்களா?"

அலங்கு வாயைத் திறப்பதற்குள் இன்னொரு தள்ளு. இன்னொரு முறை ஓடை.

அன்று சாயங்காலம் நரி கரடியின் குகைக்குப் போனது. கையில் ஒரு தேக்கிலை. இலையில் ஒரு முழு மலைத்தேன் கூடு.

கரடி மூக்கைத் திருப்பிக்கொண்டது. "வழக்காடறவங்க கையால நான் எதுவும் தொடறதில்லை! எடுத்துக்கிட்டுப் போ!"

"ஐயா, நான் தோத்தவன்" என்றது நரி. "ஜெயிச்சவன் கொடுத்தா லஞ்சம். தோத்தவன் கொடுத்தா அதுக்குப் பேரு என்ன? மரியாதைதானே?"

கரடி யோசித்தது. யோசிக்கும்போது வாசனை அடித்தது.

"அதுவும் சரிதான். இங்க வை."

வாய் நிறையத் தேனோடு கரடி கேட்டது. "வளையைக் காலி செஞ்சிட்டியா?"

"செய்யறேன் ஐயா, செய்யறேன். நீங்க நிதானமா சாப்பிடுங்க."

கரடி சாப்பிட்டது. தூங்கிப்போனது. மிச்ச அடை கீழே விழுந்தது. அதில் கொழுகொழுவென்று தேனீப் புழு. குகை வாசலில் இருந்த காக்கை இறங்கி வந்து அதைத் தின்றது. இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது.

கவனியுங்கள். நரி தீர்ப்பை வாங்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு வரும் தூக்கத்தைத்தான் வாங்கியது. அது போதும் என்று அதற்குத் தெரியும்.

ஆவணியில் அலங்கு மறுபடி வந்தது.

"அடுத்த பௌர்ணமிக்குள்ளே காலி செய்யணும்!" என்றது கரடி. "அமீனா, நேர்ல போய்ச் சொல்லிட்டு வா!"

"தீர்ந்தது! தீர்ந்தது! தீர்ந்தது!"

ஆமை புறப்பட்டது. அரைக் காதம் போக ஒன்பது நாள் ஆனது. வளை வாசலில் நின்று தொண்டையைச் செருமியது. நரி வெளியே வந்து பல்லைக் காட்டி ஒரு உறுமல் உறுமியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நாலு காலையும் இழுத்துக்கொண்டது. ஒரு பகல் அப்படியே இருந்தது. பிறகு ஒன்பது நாள் நடந்து திரும்பி வந்தது.

"என்னய்யா ஆச்சு?" என்று கேட்டது கரடி.

"போனேன் ஐயா. தலை உள்ளே இருந்தது. வெளியே என்ன நடந்ததுன்னு எனக்கு நேரடியாத் தெரியாது."

"பௌர்ணமி போயிடுச்சேப்பா!"

நரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அன்னைக்கு ஒரே மேகமுங்க" என்றது நரி. "நிலா வந்ததை நான் பார்க்கவே இல்லை. பார்க்காத பௌர்ணமிக்கு நான் எப்படிக் காலி செய்ய முடியும்?"

மூன்றாம் முறை. "மேகமோ நிலாவோ, இன்னைக்கே வெளியே போகணும்!" என்றது கரடி.

"தீர்ந்தது! தீர்ந்தது! தீர்ந்தது!"

நரி போனது. எல்லோரும் பார்க்க முன்வாசல் வழியாக வெளியே போனது. அலங்கு கண்ணில் தண்ணீர் வர நின்றது. நரி மேட்டைச் சுற்றி நடந்தது. பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தது.

"அடப்பாவி!" என்று கத்தியது அலங்கு.

"பழைய வழக்குப்படி காலி செஞ்சாச்சு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்ப வந்திருக்கிறது புதுசா. நீ புது வழக்குப் போடு!"

போட்டது. புரட்டாசி கடைசியில் நான்காம் தீர்ப்பு. "இனிமே அந்த வளைக்கு நரி வரவே கூடாது!"

"தீர்ந்தது! தீர்ந்தது! தீர்ந்தது!"

வளைக்குள்ளேயே கால் நீட்டிப் படுத்துக்கொண்டு நரி சொன்னது. "வரக் கூடாதுன்னாங்க. நான் எங்கே வந்தேன்? நான்தான் போகவே இல்லையே!"

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு தேன்கூடு போனது. ஒவ்வொரு கூட்டுக்கும் காக்கைக்குப் புழு அடை கிடைத்தது. கரடி கொழுத்தது. காக்கையின் இறக்கை மினுமினுத்தது. அலங்கின் வயிறும் பெரிதானது. ஆனால் அது குட்டியால்.

ஒரு நாள் காக்கை ஓடையில் தண்ணீர் குடிக்க இறங்கியது. ஈரக் கரையில், ஒரு விழுந்த மரத்தடியில், அலங்கு படுத்திருந்தது. மரத்துக்கு அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"என்ன அலங்கம்மா, இங்கே கிடக்கறே? நாலு வழக்கு ஜெயிச்சவ நீ!"

"ஆமாண்ணே, ஜெயிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"இன்னும் பத்து நாள்ல மழை பிடிச்சிடும். இந்த ஓடை இந்த மரம் முழுக்க ஏறும். குட்டி பொறந்தா வாலில் ஏத்திக்கிட்டு எங்கே போறதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன்." அலங்கு தலையைத் தூக்கியது. "அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு, கேளு."

"நாலு தடவை 'தீர்ந்தது, தீர்ந்தது'ன்னு காடே கேக்கக் கூவினீங்களே. எது தீர்ந்தது?"

காக்கை கழுத்தைத் திருப்பி இறக்கையைக் கோதியது.

மேலே கிளையில் ஒரு மைனா. யார் பேசினாலும் திருப்பிப் பேசுவது அதன் பழக்கம். "எது தீர்ந்தது? எது தீர்ந்தது?" என்றது.

"சும்மா இரு!" என்று அதட்டியது காக்கை.

"சும்மா இரு! எது தீர்ந்தது?"

காக்கை தண்ணீர் குடிக்காமலே பறந்து போனது. அதற்கு ஒரு பெருமை உண்டு. குரல் கரகரப்புத்தான், ஆனால் பொய் பேசாத குரல் என்று சொல்லிக்கொள்ளும். இப்போது உட்கார்ந்து எண்ணிப் பார்த்தது. நாலு வழக்கு. வழக்குக்கு மூன்று கூவல். பன்னிரண்டு பொய்.

ஐப்பசி பிறந்தது. மலை மேல் மேகம் கருத்து நின்றது. அலங்கு ஐந்தாம் முறையாக நியாயப்பாறைக்கு வந்தது. மெதுவாக வந்தது. வயிறு தரையைத் தொட்டது.

நரி இந்த முறை முன்கூட்டியே வந்திருந்தது. பாறைக்கு மேலே ஒரு வேங்கை மரம் கவிந்து நிற்கும். அதன் கவட்டில் ஒரு தேன்கூட்டைச் சொருகி வைத்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் கரடி கையை நீட்டினால் போதும். வசதி பார்த்துச் செய்த வேலை. ஆனால் கூட்டைத் தூக்கி வரும்போது தேன் ஒழுகி அதன் வாலெல்லாம் பிசுபிசுத்துவிட்டது. அதை நரி கவனிக்கவில்லை.

விசாரணைக்கு என்ன இருக்கிறது? பழைய கதைதான். காட்டெருமை, மான், முயல், மைனா என்று கூட்டம் உட்கார்ந்து கொட்டாவி விட்டது.

"வளை அலங்குடையது!" என்றது கரடி. கண் மட்டும் மரத்துக் கவட்டில் இருந்தது. "நரி போகணும், திரும்ப வரக் கூடாது, உள்ளே இருக்கவும் கூடாது! டவாலி, சொல்லு!"

காக்கை சொல்லவில்லை.

கரடி திரும்பிப் பார்த்தது. "டவாலி!"

காக்கை நேரே கரடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"என்னய்யா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்லீங்க ஐயா. தொண்டை நல்லாத்தான் இருக்கு."

"அப்போ சொல்லேன்!"

"தீரலையே ஐயா. தீராததைத் தீர்ந்ததுன்னு எப்படிச் சொல்றது?"

கொட்டாவி விட்ட வாயெல்லாம் திறந்தபடியே நின்றன.

"தீர்ப்புத்தான் சொல்லிட்டேனே!" என்று கத்தியது கரடி.

"நீங்க சொல்லிட்டீங்க. அலங்கம்மா ஓடையிலதான் கிடக்குது. நரி மேட்டிலதான் கிடக்குது. இதுல எது ஐயா தீர்ந்தது?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப சொல்லு. நான் இறங்கணும்!"

"அலங்கம்மா உள்ளே போகட்டும். சொல்றேன். நீங்க இறங்கலாம்."

கரடிக்கு அப்போதுதான் உறைத்தது. காக்கை கூவாமல் பாறையை விட்டு இறங்க முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது. தேன்? அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நரி முன்னால் குதித்தது. "இந்தக் காக்கா இல்லைன்னா வேற ஆளா இல்லை? அமீனா, நீ சொல்லு!"

ஆமை சொன்னது. "தீர்ந்தது." பக்கத்தில் இருந்த முயலுக்கே கேட்கவில்லை.

"மைனா, நீ சொல்லு! நீதான் எல்லாக் குரலும் பேசுவியே!"

"பேசுவேன்" என்றது மைனா. "முதல்ல டவாலி சொல்லட்டும். நான் திருப்பிச் சொல்றேன். நானா எதையும் சொல்லிப் பழக்கமில்லை."

"அப்போ நானே சொல்றேன்!" நரி கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, "தீ..." என்று ஆரம்பித்தது. அதற்குமேல் அது ஊளையாகத்தான் வந்தது. காட்டெருமை சிரித்த சிரிப்பில் புழுதி பறந்தது.

"காக்கா!" என்று சீறியது நரி. "உனக்கு என்ன வந்தது இப்போ?"

அந்த நேரம் பார்த்து மரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கரடியின் மூக்கு நுனியில் சரியாக விழுந்தது. டப்!

கரடி அசையவில்லை. இன்னொரு சொட்டு. டப்! கரடியின் நாக்கு தானாக வெளியே வந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது.

"ஐயா மூக்குல என்ன?" என்று கேட்டது முயல்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். கவட்டில் தேன்கூடு. அதை நோக்கி மரத்தில் எறும்புச் சாரை. கீழே நரியின் வாலை நோக்கி இன்னொரு சாரை.

"அது யாருக்கு வந்தது?" என்று கேட்டது காட்டெருமை.

கரடி வானத்தைப் பார்த்தது.

காக்கைதான் பேசியது. "ஐயாவுக்கு வந்தது. ஆடி மாசத்திலிருந்து வருது. அடை எனக்கு வந்தது. நானும் தின்னேன். அதனாலதான் நாலு தடவை பொய் கூவினேன். ஒளிச்சுப் பேச மாட்டேன்."

"நான் தீர்ப்பை மாத்தினேனா?" என்று கரடி குமுறியது. "ஒரு தடவையாவது நரி பக்கம் சொன்னேனா? எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

"மாத்தலை ஐயா" என்றது காக்கை. "நடத்தவும் இல்லை."

கரடி கூட்டத்தைப் பார்த்தது. யார் முகத்திலும் கோபம் இல்லை. சிரிப்புத்தான் இருந்தது. அது கோபத்தைவிட மோசம். அலங்கைப் பார்த்தது. ஐந்தாம் முறை நடந்து வந்த களைப்பில் அது நின்றபடியே கண் அசந்திருந்தது.

மூன்றாம் சொட்டு விழுந்தது. கரடி கையால் மூக்கைத் துடைத்து, கையைப் பாறையில் தேய்த்தது. நக்கவில்லை. கரடிக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கரடியைத்தான் கேட்க வேண்டும்.

"இந்த விதி எதுக்குன்னு இப்பத்தான்யா புரியுது" என்றது. "தீர்ப்புச் சொன்னவன் தீர்ற வரைக்கும் பட்டினி கிடக்கணும்னு எவனோ புத்திசாலி போட்டிருக்கான். சரி. நான் இறங்கலை. அமீனா!"

"ஐயா!"

"ஓடு!"

"ஓடறதா? நானா?"

"அவரை நடக்க விட்டா ஐயாவுக்கு ஒன்பது நாள் பட்டினி" என்றது காட்டெருமை. "ஏத்தி விடுங்க என் முதுகுல."

ஏற்றினார்கள். ஆமை கீழே பார்த்தது. "ஆத்தாடி! என்ன உயரம்!" பிறகு நாலு பக்கமும் பார்த்தது. "அட, எல்லாம் தெரியுதே!"

இந்தப் பேச்சு நடக்கும்போதே நரி நழுவிவிட்டது. ஒரே ஓட்டமாக ஓடி வளைக்குள் புகுந்தது. கூட்டம் முழுக்கப் பின்னால் போனது. வேடிக்கை என்றால் யாருக்குத்தான் கால் வலிக்கும்?

காட்டெருமை ஆமையை முன்வாசல் பக்கமாக இறக்கிவிட்டது. மேட்டைச் சுற்றிப் போய், பின்வாசல் மேல் பொத்தென்று உட்கார்ந்தது. "நான் சும்மா உட்காரறேன். யாரும் என்னைப் பார்க்க வேண்டாம்."

ஆமை முன்வாசலில் நின்று தொண்டையைச் செருமியது. "நரியே! கோர்ட்டு உத்தரவு. வெளியே வா!"

உள்ளேயிருந்து உறுமல் வந்தது. பழக்கதோஷம். ஆமையின் தலை உள்ளே போனது.

காக்கை இறங்கி ஓட்டின் மேல் அலகால் தட்டியது. டொக், டொக். "அமீனா! தலை!"

"அது உறுமுதுப்பா."

"உறுமட்டும். உம்ம ஓட்டை அதால கடிக்க முடியுமா?"

ஆமை உள்ளேயே கொஞ்ச நேரம் யோசித்தது. இத்தனை வருஷமாக அதற்கு இது தோன்றவே இல்லை. "முடியாதுல்ல?" என்றது. தலை வெளியே வந்தது. முழுக் கழுத்தும் வந்தது. இவ்வளவு நீளக் கழுத்தை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. "நரியே! கடைசித் தடவை சொல்றேன்! நான் இங்கேயே நிப்பேன். எனக்கு அவசரமே கிடையாது. அது உனக்கே தெரியும்!"

"நில்லு! ஐப்பசி முழுக்க நில்லு!" என்றது நரி.

நின்றிருக்கத்தான் வேண்டும். ஆனால் எறும்புகள் காத்திருக்கவில்லை. வேங்கை மரத்திலிருந்து மேடு வரை நரி ஓடிய வழியெல்லாம் தேன் சொட்டியிருந்தது. வழியிலிருந்த எறும்புப் புற்றெல்லாம் எழுந்து வந்தது. சாரை சாரையாக முன்வாசல் வழியாக உள்ளே போனது.

"ஐயோ!" என்றது நரி. "ஐயோ வால்! ஐயையோ வால்!"

பின்வாசலுக்கு ஓடியது. அங்கே காட்டெருமையின் பின்புறம். முட்டிப் பார்த்தது.

"யாரோ கிச்சுகிச்சு மூட்டறாங்க" என்றது காட்டெருமை. அசையவில்லை.

நரி முன்வாசல் வழியாகப் பாய்ந்து வெளியே வந்தது. வட்டமாகச் சுற்றியது. தன் வாலைத் தானே கடித்தது. ஓடையில் குதித்தது. தலையை நீட்டிக்கொண்டு, "நான் காலி செஞ்சிட்டேன்! செஞ்சிட்டேன்!" என்று கத்தியது. "தீர்ந்தது! சொல்லுங்கய்யா, தீர்ந்தது!"

"அதைச் சொல்ல வேண்டியது நீயும் இல்லை, நானும் இல்லை" என்றது காக்கை.

எல்லோரும் அலங்கைப் பார்த்தார்கள்.

அலங்கு மெதுவாக நடந்து வந்தது. வாசலில் எறும்புகளைப் பார்த்ததும் நின்றது. நீள நாக்கை நீட்டி ஒரு சாரையைச் சுத்தமாக வழித்தது. "தேன் தடவின எறும்பு" என்றது. "இப்படி ஒரு ருசி நான் கண்டதில்லை." இன்னொரு சாரையையும் முடித்தது. பிறகு உள்ளே போனது.

காக்கை வாசலில் உட்கார்ந்து கேட்டது. "அலங்கம்மா, தீர்ந்ததா?"

"இல்லை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒரே எலும்பா கிடக்கு! நாத்தம் தாங்கலை!"

காக்கை ஓடையைப் பார்த்தது. "நரி! வா, வந்து கூட்டு!"

"நானா?"

"அங்கே பாறை மேல ஐயா பட்டினி. நீ எவ்வளவு லேட் பண்றியோ அவ்வளவு கோபம் அவருக்கு ஏறும். உன் இஷ்டம்."

நரி சொட்டச் சொட்ட வந்தது. எலும்பை அள்ளியது. இறகை அள்ளியது. வாலாலேயே கூட்டியது. அந்த வாலுக்கு அன்று நல்ல நாள் இல்லை.

"தீர்ந்ததா அலங்கம்மா?"

"இரு, நடு அறையைப் பார்க்கறேன்." நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய மூச்சு விடும் சத்தமும் கேட்டது. ஆடியிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு.

"தீர்ந்ததுண்ணே" என்றது அலங்கு. குரல் சின்னதாகத்தான் வந்தது.

காக்கை பறந்தது. பாறைக்குப் போகும் வரைகூடப் பொறுக்கவில்லை. நடு வானத்திலேயே ஆரம்பித்துவிட்டது. "தீர்ந்தது! தீர்ந்தது! தீர்ந்தது!" இந்த முறை மூன்று மலை தாண்டிக் கேட்டது. மைனா பின்னாலேயே பறந்து அத்தனையையும் திருப்பிச் சொன்னது.

கரடி பாறையிலிருந்து உருண்டே இறங்கியது. தேன்கூட்டுப் பக்கம் போகவில்லை. ஓடைக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டிருக்கும்போதே முதல் மழைத்துளி அதன் மூக்கில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தது. மழைதான் என்று தெரிந்ததும் நிம்மதியாக நக்கிக்கொண்டது.

மழை ஏழு நாள் பெய்தது. விழுந்த மரம் இருந்த இடமே தெரியாமல் ஓடை ஏறியது. மேட்டு வளைக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. மூன்றாம் நாள் குட்டி பிறந்தது. செதில் இன்னும் மெத்தென்று இருந்தது. எட்டாம் நாள் தாயின் வாலில் ஏறி வெளியே வந்து காட்டைப் பார்த்தது.

நரி அடுத்த மேட்டில் சொந்தமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறது. வாழ்நாளில் முதல் முறை. வளை கோணல்மாணலாக வருகிறது. நகம் தேய்ந்துவிட்டது. அலங்கு அந்தப் பக்கம் போகும்போது, "இடது பக்கம் பாறை இருக்கு, வலது பக்கம் திருப்பு" என்று சொல்லிவிட்டுப் போகும். நரி முனகிக்கொண்டே திருப்பும்.

கரடி இப்போது வழக்காடுகிறவர்களின் தேனைத் தொடுவதில்லை. ஜெயித்தவன் தேனும் சரி, தோற்றவன் தேனும் சரி. தானே மரம் ஏறுகிறது. இளைத்துவிட்டது. மூக்கில் எப்போதும் ஒரு தேனீக் கொட்டு வீங்கியிருக்கும். கேட்டால், "இதுதான்யா நேர்மையான வீக்கம்" என்கிறது.

வழக்குகளும் குறைந்துவிட்டன. தோற்றால் உண்மையிலேயே போக வேண்டும் என்று தெரிந்த பிறகு, பாதிப் பேர் பாறைக்கு வருவதற்கு முன்பே போய்விடுகிறார்கள். மீதிப் பேருக்கு ஆமை இருக்கிறது. காட்டெருமை முதுகில், கழுத்தை நீட்டிக்கொண்டு.

தீர்ப்பைச் சொன்னால் வழக்கு தீராது, நடத்தி முடித்தால்தான் தீரும். ஊசிப்பாறைக் காட்டில் அப்படி நடத்தி முடிக்க வைத்தது யார் என்றால், கூவுவதே வேலையாக இருந்தும் அன்று ஒரு நாள் கூவ மறுத்த டவாலி, அந்த அண்டங்காக்கை.